வேலை கேட்டு எழுதும் மடல்



ஒரு தாய் நமக்கு எழுதியிருந்த கடிதத்தை இம்மாதம் இரண்டு முறை படித்தேன். அவருடைய மூத்த மகன் வணிகவியலில் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான். இரண்டே இடங்களிலிருந்து மறுமொழி வந்தது. இரண்டும் 'இடமில்லை' என்பனவே. "படிக்க வைத்த பணத்திற்கு ஒரு கடை வைத்துக் கொடுத்திருக்கலாம்" என்று தந்தை ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, தந்தை வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து மகன் வெளியே போய்விடுகிறான். தந்தையும் மகனும் சேர்ந்து அமர்ந்து உண்டு நான்கு மாதங்கள் ஆகின்றனவாம். "என் பிள்ளை அனுப்பும் கடிதத்தின் படி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் என்ன குறை என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று அத்தாய் முடித்திருந்தார்.

அந்தப் படியையும் படித்தேன். ஆங்கிலத்தில் எட்டே வரிகள். பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. தங்கள் விளம்பரம் கண்டேன், அப்பதவிக்கு விண்ணப்பிக்கிறேன், என் தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன், நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், வாய்ப்பளித்தால் மேலதிகாரிகள் மனநிறைவு கொள்ளும்படி பணியாற்றுவேன். இவ்வளவுதான்.

குறை எங்கே இருக்கிறது? அடியில் உள்ள பெயரை அழித்துவிட்டு வேறு எந்த ஊர் இளைஞனின் பெயரை எழுதினாலும் அக்கடிதம் பொருந்திவிடும். அதுவே குறை. எல்லோருக்கும் பொருந்தும் கடிதம் எவரையும் காட்டுவதில்லை.

இதைவிட வியப்பு அத்தாயின் கடிதத்திலேயே இருந்தது. நடுவில் ஓரிடத்தில், போகிற போக்கில், அவர் இப்படி எழுதியிருந்தார்: "வேலை இல்லையே தவிர அவன் சும்மா இருப்பதில்லை. என் தம்பியின் இரும்புக் கடையில் மாலை நேரங்களில் கணக்கு எழுதுகிறான். எங்கள் அன்பியத்துச் சேமிப்புக் கணக்கும் இரண்டு வருடமாக அவன் கையில்தான். ஒரு ரூபாய் கூட முன்பின் ஆனதில்லை என்று எல்லாரும் சொல்லுகிறார்கள்." மகன் அனுப்பிய அறுபது கடிதங்களிலும் இருந்திருக்க வேண்டிய செய்தி இது. அவற்றில் ஒன்றில்கூட இது இல்லை. தாயின் கடிதத்தில் மட்டும் இருந்தது!

ஆகவே இம்மாதம் இப்பகுதி, விண்ணப்பத்தோடு வைக்கும் மடலைப் பற்றியது.

மடல் எதற்கு?

தன்விவரக் குறிப்பு வேறு. அதற்கு மேல் வைக்கும் மடல் வேறு. பலரும் இவ்விரண்டையும் குழப்பிக் கொள்கின்றனர். பயோடேட்டா என்று நாம் வழக்கில் சொல்லும் குறிப்பு ஒரு பட்டியல். பிறந்த நாள், படிப்பு, மதிப்பெண், செய்த வேலை என்று அது வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். கவரிங் லெட்டர் என்று அலுவலகங்களில் வழங்கும் மடலோ ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் நேரே பேசுவது. "இந்த வேலைக்கு இந்த ஆள் ஏன்?" என்ற ஒரே கேள்விக்கு அது விடை கூற வேண்டும். பட்டியலில் உள்ளதையே திரும்பவும் எழுதினால் அம்மடலால் பயனில்லை.

எல்லா வேலைக்கும் இம்மடல் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையம், வங்கித் தேர்வு, இரயில்வேத் தேர்வு போன்றவற்றுக்கு உரிய படிவம் உண்டு. இப்போது அது இணையத்திலேயே நிரப்பப்படுகிறது. அங்கே மதிப்பெண்தான் பேசும், மடலுக்கு இடமில்லை. ஆனால் தனியார் பள்ளி, மருத்துவமனை, கடை, தொழிற்சாலை, தொண்டு நிறுவனம், கணக்காயர் அலுவலகம் ஆகிய இடங்களில் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்ப்பவர் ஒரு மனிதர். முதலில் அவர் கையில் படுவது மடலே. அதைப் படித்த பின்தான் அடுத்த தாளைப் புரட்டுவதா, ஒதுக்கி வைப்பதா என்று அவர் முடிவு செய்கிறார்.

முன்னர்ச் சில ஆண்டுகள் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் அமர்ந்து விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. ஓர் ஆசிரியர் பணிக்கு எண்பது விண்ணப்பங்கள் வரும். ஒரே மாலையில் அவற்றைப் பார்த்து முடிக்க வேண்டும். இருபது கடிதங்களுக்கு மேல் போனதும் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றத் தொடங்கும். அப்போது எங்கோ ஒரு கடிதத்தில், 'ஆறாம் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாமல் வந்த பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் காலையில் அரைமணி நேரம் தனியே சொல்லிக் கொடுத்தேன்' என்று ஒரு வரி இருக்கும். உடனே நிமிர்ந்து உட்காருவோம். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம். படித்துக் களைத்த கண்ணை நிறுத்தியது அந்த ஒரு வரியில் இருந்த உண்மை.

துறைமுகத்திற்கு வந்த ஒரு கடிதம்

நம் நாட்டிலேயே எழுதப்பட்ட ஒரு விண்ணப்ப மடலை எடுத்துக்கொள்வோம். 1912-ஆம் ஆண்டு பெப்ருவரி 9-ஆம் நாள் திருவல்லிக்கேணியில் குடியிருந்த இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் காலியாக இருந்த எழுத்தர் பதவிக்கு விண்ணப்பித்தார். அவர் கல்லூரியில் கணிதம் தவிரப் பிற பாடங்களில் கவனம் செலுத்தாததால் உதவித்தொகையை இழந்தவர். எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். திருமணமும் ஆகியிருந்தது. கையில் நிலையான வருவாய் இல்லை. அவர்தாம் பின்னாளில் உலகம் போற்றிய கணித மேதை சீனிவாச இராமானுசன்.

அம்மடல் மிகச் சிறியது. அதில் அவர் கூறிய செய்திகள் ஐந்துதான். தங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன் என்றார். மெட்ரிகுலேசன் தேறி எஃப்.ஏ. வரை படித்ததையும், சில இடையூறுகளால் மேலே படிக்க இயலாமற் போனதையும் சொன்னார். அதன் பின் காலம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு அதை வளர்த்து வருவதைக் குறிப்பிட்டார். நியமித்தால் வேலையைச் செவ்வனே செய்ய முடியும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார். இறுதியாக, பதவியை அளிக்க வேண்டுமென்று கேட்டு முடித்தார். சென்னை மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அவர்கள் தந்த பரிந்துரையும் உடன் சென்றது. 1912 மார்ச்சு முதல் நாள், மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் அவர் அங்கே வேலையில் சேர்ந்தார்.

இம்மடலில் நாம் கற்க வேண்டியவை பல. முதலாவது, அவர் தோல்வியை மறைக்கவுமில்லை, அதைச் சொல்லி அழவுமில்லை. 'எஃப்.ஏ. வரை படித்தேன்' என்றாரே தவிரத் தேறியதாக எழுதவில்லை. படிப்பு தடைப்பட்டதை ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அந்த ஆண்டுகளில் தாம் என்ன செய்தார் என்பதற்கு வந்துவிட்டார். இரண்டாவது, கணக்குத் துறையில் உள்ள இடத்திற்குக் கணிதத்தில் உள்ள ஈடுபாட்டைச் சொன்னார். அவ்விடத்திற்குத் தொடர்பில்லாத எதையும் சொல்லவில்லை. மூன்றாவது, 'நான் வறியவன், இரங்குங்கள்' என்று ஒரு சொல் கூட இல்லை. அன்று அவருடைய வறுமை மெய்யான வறுமை. ஆயினும் அதை அவர் தகுதியாக முன்வைக்கவில்லை.

"அவருக்குச் சிபாரிசு இருந்ததே!" என்று சிலர் கேட்பர். இருந்தது. மிடில்மாஸ்டின் கடிதம் மட்டுமன்று. நெல்லூரில் மாவட்ட ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் அவர்களின் ஆதரவும் இருந்தது. ஆனால் அந்த ஆதரவு எப்படிக் கிடைத்தது? இராமானுசன் தம் கணக்குக் குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவராகச் சென்று கண்டு காட்டினார். தாம் செய்த வேலையைக் காட்டியே அவர் ஆதரவாளரைப் பெற்றார். பரிந்துரை என்பது உறவுக்காக எழுதித் தருவதாய் இராமல், வேலையைக் கண்டவர் அளிக்கும் சாட்சியாய் இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு.

மறு ஆண்டு, 1913 சனவரி 16-ஆம் நாள், அவர் கேம்பிரிட்சில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். அதிலும் தொடக்கத்திலேயே, தாம் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளம் பெறும் ஓர் எழுத்தர் என்றும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்றும் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட்டார். பின்பு தாம் கண்ட கணித முடிவுகளைத் தாள் தாளாக இணைத்தார். தம்மைப் பற்றிச் சில வரிகள்; தம் வேலையைப் பற்றிப் பல பக்கங்கள். அந்த அளவு நம் இளைஞர் மனத்தில் பதிய வேண்டும்.

மிலான் நகரத்து மடல்

நம் இல்லங்கள் பலவற்றில் உணவு மேசைக்கு மேலே ஆண்டவருடைய இறுதி இராவுணவின் படம் மாட்டியிருக்கும். அதன் மூலத்தை வரைந்த லியோனார்தோ தாவின்சியும் ஒரு காலத்தில் வேலை கேட்டு மடல் எழுதியவர்தாம். 1482-ஆம் ஆண்டை ஒட்டி, முப்பது வயதளவில், மிலானை ஆண்ட லுதோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்காக அவர் ஆக்கிய மடலின் வரைவு மிலான் நகர அம்புரோசிய நூலகத்தில் உள்ள ஏட்டுத் தொகுப்பில் இன்றும் இருக்கிறது.

ஓவியர் எழுதிய மடலாயிற்றே, ஓவியத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று நாம் எண்ணுவோம். அப்படியில்லை. எளிதில் எடுத்துச் செல்லத்தக்க பாலங்கள், கோட்டையைத் தகர்க்கும் வழிகள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று எண்ணிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அமைதிக் காலத்தில் கட்டடக் கலையிலும் நீர் கொண்டு செல்வதிலும் பயன்படுவேன் என்று பத்தாவதாகக் கூறி, சிற்பமும் ஓவியமும் செய்யத் தெரியும் என்பதை அதன் பின்னரே சேர்க்கிறார். காரணம் தெளிவு. அன்று இத்தாலிய நகரங்கள் ஒன்றோடொன்று பொருதிக்கொண்டிருந்தன. அரசனுக்கு என்ன தேவை என்பதை லியோனார்தோ முதலில் எண்ணிப் பார்த்தார். தமக்கு எது விருப்பம் என்பதைப் பிறகு வைத்தார். முடிவில், இவற்றுள் எதையாவது ஐயுற்றால் தாங்கள் குறிக்கும் இடத்தில் செய்து காட்டச் சித்தமாயிருக்கிறேன் என்றார்.

இன்னொரு செய்தி. அந்த வரைவில் உள்ள கையெழுத்து லியோனார்தோவுடையது அன்று என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அத்தகைய மேதையே தம் மடலை எழுதப் பிறர் கையை நாடினார் என்றால், நம் பிள்ளைகள் தம் மடலை இன்னொருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வதில் என்ன வெட்கம்? அதே லுதோவிக்கோவின் ஆதரவில்தான், ஏறத்தாழ 1495-க்கும் 1498-க்கும் இடையில், மிலான் துறவு மடத்தின் உணவுக்கூடச் சுவரில் இறுதி இராவுணவு வரையப்பட்டது. பாலத்தையும் பீரங்கியையும் சொல்லி நுழைந்த இடத்தில், தமக்கு உயிரான கலைக்கும் அவருக்கு இடம் கிடைத்தது.

எழுதும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். மடல் ஒரு பக்கத்திற்கு மேல் போகக்கூடாது. அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் ஆகியவற்றை முறைப்படி எழுதியபின், மூன்று அல்லது நான்கு சிறு பத்திகள் போதும்.

முதற் பத்தியில், எந்தப் பதவிக்கு எழுதுகிறீர்கள், அச்செய்தியை எங்கே கண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நாளிதழ் விளம்பரமானால் அதன் நாளைக் குறிப்பிடுங்கள். ஒரே நிறுவனம் ஒரே வாரத்தில் மூன்று பதவிகளுக்கு விளம்பரம் செய்திருக்கலாம். பதவியின் பெயர் இல்லாத கடிதம் எந்தக் கோப்பிலும் சேராது.

இரண்டாம் பத்தியே உயிரானது. விளம்பரத்தை மறுபடியும் படியுங்கள். அவர்கள் கேட்பவற்றை ஒரு தாளில் இடப்புறம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நீங்கள் அதைச் செய்த இடத்தையும் காலத்தையும் வலப்புறம் எழுதுங்கள். வலப்புறம் எவை நிரம்பினவோ அவற்றுள் சிறந்த இரண்டையோ மூன்றையோ எடுத்து வாக்கியமாக்குங்கள். 'பொறுப்புள்ளவன்' என்று எழுதாதீர்கள். பொறுப்பாகச் செய்த காரியத்தை எழுதுங்கள். 'பிறருடன் ஒத்துழைப்பவள்' என்று எழுதாதீர்கள். யாருடன் சேர்ந்து எதைச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். பண்பைக் குறிக்கும் சொல்லை எவரும் எழுதலாம். செயலைச் செய்தவர் மட்டுமே எழுத முடியும்.

சம்பளம் பெறாமல் செய்ததும் வேலையே. இதை நம் குடும்பங்கள் உணர வேண்டும். கடையில் கணக்கு எழுதியது, மகளிர் குழுவின் பதிவேட்டைப் பேணியது, பங்குத் திருவிழாவின் வரவு செலவை எழுதி ஒப்படைத்தது, மாலை வகுப்பில் சிறுவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஆகியவை எல்லாம் தகுதிகள்தாம். வீட்டு வேலை, கோயில் வேலை என்று நாமே அவற்றைத் தள்ளிவிடுகிறோம்.

மூன்றாம் பத்தியில், உங்கள் விவரத்தில் கேள்வி எழுப்பக்கூடிய இடம் இருந்தால் அதை நேர்மையாக விளக்குங்கள். படிப்பு முடித்தபின் இடைவெளி இருக்கலாம். ஒரு தேர்வில் தவறியிருக்கலாம். திருமணத்திற்குப் பின் வேலையை விட்டு, நோயுற்ற மாமியாரை ஐந்து ஆண்டுகள் கவனித்துக்கொண்ட மருமகள் மீண்டும் வேலைக்கு வர விரும்பலாம். 'குடும்பத்தில் நோயுற்றவரைக் கவனிக்கும் பொறுப்பு இருந்ததால் ஐந்து ஆண்டுகள் பணியில் இல்லை. அப்பொறுப்பு இப்போது முடிந்துவிட்டது. கடந்த ஆறு மாதங்களில் கணினிக் கணக்குப் பயிற்சி முடித்துள்ளேன்' என்று மூன்று வரிகள் போதும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒளித்தால்தான் ஐயம் எழும்.

இறுதிப் பத்தியில், நேரில் வரத் தயாராக இருப்பதையும் எப்போது பணியில் சேர முடியும் என்பதையும் சொல்லி, நன்றி கூறி முடியுங்கள். தொலைபேசி எண்ணைச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறியதால் வேலை இழந்தவரை நான் அறிவேன்.

மடலின் மொழி எது? விளம்பரம் தமிழில் வந்தால் தமிழிலும், ஆங்கிலத்தில் வந்தால் ஆங்கிலத்திலும் எழுதுவது பொருத்தம். ஆங்கிலத்தில் எழுதுவோர் அகராதியில் தேடிய பெரிய சொற்களைக் கொட்ட வேண்டாம். பேசத் தெரியாத சொல்லை எழுதினால், நேர்முகத் தேர்வில் அச்சொல்லே உங்களைக் காட்டிக் கொடுக்கும்.

ஒரு மாதிரி

அத்தாயின் மகனுக்காக ஒரு மாதிரி வரைந்து பார்த்தேன். ஒரு மருத்துவமனையில் கணக்கு உதவியாளர் தேவை என்று வைத்துக்கொள்வோம்.

"மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மருத்துவமனையில் கணக்கு உதவியாளர் பணியிடம் காலியாக இருப்பதை இம்மாதம் 5-ஆம் நாள் வெளிவந்த நாளிதழ் விளம்பரத்தால் அறிந்தேன். அப்பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.

நான் வணிகவியல் பட்டதாரி. கடந்த இரண்டு ஆண்டுகளாக ஓர் இரும்புக் கடையில் மாலை நேரங்களில் கணக்கு எழுதி வருகிறேன். அன்றாட ரொக்கப் பேரேடு, கடன் வாடிக்கையாளர் பதிவேடு, மாதந்தோறும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் ஆகியவற்றை நானே ஆயத்தம் செய்கிறேன். டேலி மென்பொருளில் பதிவு செய்யவும், சரக்கு மற்றும் சேவை வரிக்குரிய விவரங்களைத் தொகுத்துக் கணக்காயரிடம் தரவும் பழகியுள்ளேன். மேலும், எங்கள் பகுதியில் இருபத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சேமிப்புக் குழுவின் கணக்கை இரண்டு ஆண்டுகளாகப் பேணி, ஒவ்வொரு மாதமும் கூட்டத்தில் படித்து ஒப்புதல் பெறுகிறேன்.

மருத்துவமனைக் கணக்கில் எனக்கு முன் அனுபவம் இல்லை. ஆயினும் அன்றைய ரொக்கத்தை அன்றே சரிபார்த்து முடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. தங்கள் நடைமுறைகளை விரைவில் கற்றுக்கொள்வேன்.

தாங்கள் குறிக்கும் நாளில் நேரில் வரவும், விரும்பினால் ஒரு நாள் பணிசெய்து காட்டவும் தயாராக இருக்கிறேன். என் வேலையை அறிந்த இருவரின் பெயர்களைத் தன்விவரக் குறிப்பில் தந்துள்ளேன். நன்றி.

தங்கள் உண்மையுள்ள,"

இவ்வளவே. இதில் உயர்வு நவிற்சி ஒன்றுமில்லை. ஆனால் பெயரை மாற்றி வேறொருவர் இதை அனுப்ப முடியாது. கணக்கு எழுத ஆள் தேடுபவர் இதைப் படித்தால், இவனை ஒருமுறை பார்க்கலாமே என்று எண்ணுவார். மடலின் வேலை அத்துடன் முடிந்தது. வேலை வாங்கித் தருவது மடலால் ஆகாது. கதவைத் திறந்துவிடுவதே அதனால் ஆகும்.

இதை அப்படியே எடுத்து எழுத வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கணினியிடம் கேட்டால் நொடியில் மடல் எழுதித் தரும் காலம் இது. அதன் உதவியால் இலக்கணம் திருத்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் உங்கள் இரும்புக் கடையும் உங்கள் சேமிப்புக் குழுவும் அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அது எல்லோருக்கும் எழுதித் தரும் அதே எட்டு வரிகளையே உங்களுக்கும் தரும்.

தவிர்க்க வேண்டியவை

'என் குடும்ப வறுமையைக் கருதி' என்று தொடங்கும் கடிதங்களை நான் ஏராளமாகக் கண்டிருக்கிறேன். அவற்றைப் படிக்கையில் மனம் கனக்கும். ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர் அதைக் கொண்டு முடிவெடுக்க இயலாது. விண்ணப்பம் பிச்சைப் பாத்திரமன்று. உழைப்பைக் கொடுத்து ஊதியம் பெறப் போகிறோம். கொடுப்பவர் நிலையில் நின்றே பணிவோடு பேசலாம். இதற்கு நேர்மாறாக, 'என்னைவிடத் தகுதியானவர் கிடைக்கமாட்டார்' என்று மார்தட்டுவதும் வேண்டாம்.

ஒரு நிறுவனத்திற்கு எழுதியதை மற்றொன்றுக்குப் படியெடுக்கும்போது பழைய பெயரை மாற்ற மறந்துவிடுவோர் உண்டு. எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு மடல், 'தங்கள் கல்லூரியின் நூற்றாண்டுப் புகழை' வாயார வாழ்த்தியது. பள்ளி தொடங்கி அப்போது ஒன்பது ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன! மின்னஞ்சலில் அனுப்புவோர் ஒரே மடலை இருபது முகவரிகளுக்கு ஒருசேர அனுப்புவதும் இத்தகைய தவறே. பெறுபவர் மற்றப் பத்தொன்பது பெயர்களையும் பார்க்கிறார். பொருள் வரியில் பதவியின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். இணைப்பைப் பி.டி.எஃப். வடிவில், உங்கள் பெயரையே கோப்பின் பெயராக வைத்து அனுப்புங்கள். இணைத்தோமா என்று அனுப்புமுன் பாருங்கள்.

மறைமாவட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்போர் பங்குத்தந்தையிடம் சான்றுக் கடிதம் கேட்பதுண்டு. கேட்பதில் தவறில்லை, ஆனால் கடைசி நாளன்று ஓடிப்போய்க் கேட்காதீர்கள். எந்த வேலைக்கு, எந்தத் தகுதியைக் கொண்டு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, உங்கள் மடலையும் காட்டுங்கள். உங்களை அறிந்து எழுதும் நான்கு வரிகள், அறியாமல் எழுதும் நாற்பது வரிகளைவிட மேல்.

ஓர் எச்சரிக்கை. வேலை தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம், பிணைத்தொகை என்று முன்பணம் கேட்பவரிடம் விலகி நில்லுங்கள். முதல் மடலிலேயே ஆதார் படியையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் அனுப்பாதீர்கள். வெளிநாட்டு வேலையானால், அம்முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்தாமா என்பதை மைய அரசின் இ-மைகிரேட் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அத்தாய்க்கு எழுதிய மறுமொழியின் கடைசிப் பகுதியை இங்கும் தருகிறேன். ஏனெனில் அது பல வீடுகளுக்குப் பொருந்தும்.

"அம்மா, உங்கள் மகனின் கடிதத்தில் குறை இருந்தது உண்மை. ஆனால் அது அவன் ஒருவனுடைய குறை அன்று. கடையிலும் அன்பியத்திலும் அவன் செய்யும் வேலையை வீட்டில் எவரும் வேலை என்று சொல்லியதில்லை. ஆகவே அவனும் அதை வேலை என்று எண்ணவில்லை. எண்ணாததை எப்படி எழுதுவான்? புதிய மடலை அவன் எழுதட்டும். அனுப்புமுன் தன் தந்தையிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லட்டும். கொடுக்க அவன் தயங்கினால் நீங்களே உணவு நேரத்தில் அதை வாங்கி அவர் கையில் கொடுங்கள். அறுபது விண்ணப்பம் அனுப்பியவனுக்கு அறுபத்தோராவது இடத்திலாவது வேலை கிடைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆனால் தம் மகன் இரண்டு ஆண்டுகளாக இருபத்திரண்டு குடும்பங்களின் பணத்தை ஒரு ரூபாய் பிசகாமல் காத்திருக்கிறான் என்பதை அவன் தந்தை ஒரு தாளில் படிப்பார். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி."

வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், இம்மாதம் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். பிள்ளை இதுவரை அனுப்பிய மடலை எல்லோருமாகப் படியுங்கள். 'இவன் என்ன செய்திருக்கிறான், இவள் எதில் கெட்டிக்காரி' என்று ஆளுக்கொன்று சொல்லுங்கள். தாய்க்குத் தெரிந்தது தந்தைக்குத் தெரியாமலிருக்கும். தங்கைக்குத் தெரிந்தது இருவருக்குமே தெரியாமலிருக்கும். அவற்றையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு மடலைத் தொடங்கட்டும்.

மடல் கதவைத் திறந்தபின் உள்ளே சென்று அமர்வது எப்படி, நேர்முகத் தேர்வில் பேசுவது எப்படி என்பதை அடுத்த இதழில் காண்போம்.